லாரியின் பூர்வீகம் ஆர்.சி. புத்தகத்தில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுப் பழைய லாரிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, கம்பெனியிலிருந்து வந்தபோது வண்டி எப்படி இருந்தது என்பதை ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம் என்கிறது. அதை நம்பிப் பணம் போடப்போகிறவர்களுக்காக இந்தக் கடிதம்.

ஆர்.சி.யில் நம்பக்கூடியது வண்டி இங்கே பதிவான தேதி ஒன்றுதான். யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட டிஸ்போசல் லாரி 1947-இல் பதிவாகியிருக்கும். செய்தது 1942-ஆக இருக்கலாம். கையால் எழுதிய சேஸ் நம்பரில் 3 எட்டாவதும், 1 ஏழாவதும் சகஜம். பழைய பதிவைத் தேடிப் போகிறவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். சிவகங்கை மாவட்டம் பிரிந்தது 1985-இல்தான். அதற்கு முன் காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் ராமநாதபுரம் மாவட்டக் கணக்கு.

ஆகவே வண்டியிலேயே பொறித்திருக்கும் சேஸ் நம்பரிலிருந்து தொடங்க வேண்டும். நம்பர் இருக்கிற இடத்தில் கிரைண்டர் வைத்தால் துருவோடு எழுத்தும் போய்விடும். மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, பெயின்ட் ரிமூவர் தடவி, பித்தளை பிரஷால் தேய்த்து, மெல்லிய தாளை ஒட்டிப் பென்சில் பிரிண்ட் எடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எடுப்பது போலத்தான். ஆனால் மூன்று நான்கு எடுங்கள். ஒன்றில் மங்கியது இன்னொன்றில் தெளியும். பெயர்த்தகட்டை மட்டும் நம்பவே கூடாது. ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்குரூ இருந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அசல் தகடே கிடைக்கலாம். வண்டிதான் வேறாக இருக்கும்.

அதிகம் ஏமாறுவது இன்ஜினில். 1937 முதல் 1953 வரை வந்த செவர்லே 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜினுக்குப் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 3½ அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3¾. அதன் அண்ணனான 235-க்குப் போர் 3 9/16, ஸ்ட்ரோக் 3 15/16. போரில் வித்தியாசம் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. பட்டறைக் கணக்கில் 62½ தவ் (ஒரு தவ் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஓடித் தேய்ந்த 216 பிளாக்கில் திரும்பத் திரும்பப் போர் பண்ணி 60 தவ் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருந்தால், போரை மட்டும் அளந்தவருக்கு அது 235 ஆகிவிடும். ஹெட்டைக் கழற்றி, ஒரு பிஸ்டனை உச்சியில் நிறுத்திப் பிளாக் மட்டத்திலிருந்து ஆழம் பாருங்கள். பிறகு அதே பிஸ்டனை அடியில் நிறுத்திப் பாருங்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஸ்ட்ரோக். எத்தனை முறை போர் பண்ணினாலும் அது மாறாது.

செவர்லே பிளாக்கில் வார்ப்போடு புடைத்து நிற்கும் தேதியும் உண்டு. முதலில் மாதத்துக்கு ஓர் எழுத்து (ஏ ஜனவரி, எல் டிசம்பர்), அடுத்து நாள், கடைசியில் வருடத்தின் கடைசி இலக்கம். ‘சி 15 8’ என்றால் மார்ச் 15. வருடம் 1938-ஆ 1948-ஆ என்பதை வண்டியின் அமைப்பு சொல்லிவிடும். பதிவுத் தேதிக்குப் பிந்திய வார்ப்பு என்றால் இன்ஜின் மாறியது நிச்சயம். ஆறேழு மாதம் முந்தியிருந்தால் சந்தேகம் வேண்டாம். பிரித்துப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் வந்து பம்பாயில் பூட்டிய வண்டிகள் அவை.

பெட்ரோல் வண்டியில் பிற்காலத்தில் பெர்கின்ஸ் பி6 டீசல் ஏற்றியதும் நிறைய. போர் 3½, ஸ்ட்ரோக் 5 அங்குலம் இருந்தால் அதுதான். டாஷ்போர்டில் அடைபட்ட சோக் ஒயர்த் துளையும், வெட்டி வெல்டு வைத்த இன்ஜின் மவுண்டிங்கும் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது வீல்பேஸ். இரண்டு பக்கமும் ஹப் மையத்திலிருந்து ஹப் மையம் வரை டேப் பிடியுங்கள். பெட்ஃபோர்டு ஓ வரிசையில் குட்டை லாரி 111 அங்குலம், நெட்டை 157, ஓபி பஸ் 174. நடுவில் ஒரு கணக்கு வந்தால் சேஸை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ரிவெட் வரிசை நின்று வெல்டு தொடங்கும் இடத்தைத் தேடுங்கள்.

ஆக்சில் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற பிராப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்ற கணக்கு) பார்க்க ஹவுசிங்கைப் பிரிக்க வேண்டியதில்லை. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்னால் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் விடுங்கள். ஹேண்ட்பிரேக்கையும் விட வேண்டும். சில வண்டிகளில் அது பிராப்பல்லர் ஷாஃப்ட்டையே பிடிக்கும். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்ஷியல் சுற்றைப் பாதியாக்கும், அதனால்தான் இரண்டு. ஷாஃப்ட் ஆறு சுற்றும் இன்னும் ஆறில் ஒரு பங்கும் சுற்றினால் 6.17, அதாவது ஹவுசிங்குக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 37 பல், அதைச் சுற்றும் சிறிய பினியனில் 6.

ஸ்பிரிங் கட்டில் பட்டைகளை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். அசல் கட்டில் ஒவ்வொரு பட்டையும் ஒரே சீராகக் குட்டையாகிக்கொண்டு போகும். செங்கல் பாரத்துக்காக இங்கே செருகியது அந்தப் படிக்கட்டைக் கெடுத்திருக்கும், யூ போல்ட்டும் நீளமாக இருக்கும். (கழற்றி எறிந்த அசல் பட்டை திருப்பாச்சேத்தியில் அருவாளாகிப் பல வருடம் ஆகியிருக்கும்.)

செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் ஹெரிடேஜ் பிரிவு வருடவாரியான விவரத் தொகுப்பை இலவசமாகவே தருகிறது. அது மாடலுக்குப் பொதுவானது, உங்கள் ஒரு வண்டிக்கானது அல்ல. எந்தக் கம்பெனி வண்டியானாலும் பழைய பார்ட்ஸ் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். இந்தச் சேஸ் நம்பர் வரை இந்தப் பாகம், அதற்குமேல் வேறு என்று எல்லை கட்டிச் சொல்வது அதுதான்.

கட்டுரையாளர் மரக் கேபினைக் கழற்றிவிட்டு ‘ஒரிஜினல்’ தகரக் கேபின் மாட்டச் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இங்கே விற்ற லாரிகளில் பெரும்பாலானவை பானெட், மட்கார்டு, டாஷ்போர்டோடு கௌல் (இன்ஜினுக்கும் டிரைவர் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பு) வரை மட்டுமே வந்தன. கேபினும் பாடியும் உள்ளூர் ஆசாரி தேக்கில் கட்டியவை. வாங்கிய வீட்டில் அந்த வருடத்துப் பேரேடு இருந்தால் புரட்டிப் பாருங்கள். சேஸ் விலை ஒரு பற்றாகவும் பாடி கட்டிய கூலி இன்னொரு பற்றாகவும் இருந்தால், அந்த வண்டிக்குக் கம்பெனிக் கேபின் என்று ஒன்று இருந்ததே இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பள்ளத்தூர்.