அது எங்கள் தர்கா அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பிதழில் இராக் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சுற்றிச் சுற்றி மேலேறும் செங்கல் கோபுரத்தின் படத்தைப் போட்டு, அடியில் 'சாமர்ராவில் ஷியாக்களின் புனித தர்கா' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது மல்வியா கோபுரம். கலீஃபா முத்தவக்கில் கட்டிய பெரிய பள்ளிவாசலைச் சேர்ந்தது. ஷியாக்களாகிய நாங்கள் நபி வழிவந்த தலைவராகப் போற்றும் பத்தாவது இமாம் அலீ அல்ஹாதியை மதீனாவிலிருந்து வரவழைத்து அந்த ஊரில் கண்காணிப்பில் வைத்தவர் அவர். கர்பலாவில் இமாம் ஹுசைனின் அடக்கத்தலத்தை இடிக்க ஆணையிட்டவரும் அவரே. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் இப்படி வரலாமா?

தர்கா அதே ஊரில்தான் இருக்கிறது. 868இல் இமாம் ஹாதியும், 874இல் அவர் மகன் இமாம் ஹசன் அஸ்கரியும் தாங்கள் வாழ்ந்த வீட்டிலேயே அடக்கமானார்கள். அந்த வீடுதான் தர்காவானது. பாரசீக மன்னர் நாசிருத்தீன் ஷா காணிக்கை தந்த தங்கக் குவிமாடம் 1905இல் முடிந்தது. பதித்தவை சுமார் 72,000 தங்கத் தகடுகள். 2006 பிப்ரவரி 22 காலையில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மறு ஆண்டு ஜூனில் இரண்டு மினாராக்களும் போயின. இளவயதில் அங்கே ஜியாரத் (புனிதத் தலப் பயணம்) போய் வந்த என் அம்மா, டிவியில் அந்த இடிபாட்டைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறுநாள் உங்கள் பத்திரிகையில் அது உள்பக்கத்து மூலைச் செய்தி.

திரும்பக் கட்டிய பிறகு நானும் போனேன். தர்காவுக்குப் போகும் வழியில் ஆளுயரத்துக்கு மேல் கான்கிரீட் தடுப்புச் சுவர். உள்ளே, அடக்கத்தலத்தைச் சுற்றிய கம்பித் தடுப்பில் விரல்களைக் கோத்தபடி ஒரு கிழவி நின்றார். பின்னால் கூட்டம் நெருக்கியும் கையை எடுக்கவில்லை. அந்த இடத்தைத்தான் நீங்கள் வேறு படத்தால் நிரப்பிவிட்டீர்கள்.

கட்டுரையில் 'ஷியா-சன்னி தீராப் பகை' என்றும் இருந்தது. சாமர்ரா சன்னிகள் பெரும்பான்மையாக வாழும் ஊர். தலைமுறைகளாக அந்த தர்காவைப் பராமரித்து வந்தவர்கள் அவ்வூர் சன்னிகளே. குண்டு வைத்தவர்கள் கெடுத்தது இந்த உறவையும்தான்.

அப்புறம் இன்னொன்று. கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட துக்க நாளான ஆஷுராவில் முதல் பக்கத்தில் 'முஹர்ரம் வாழ்த்துகள்' போடுகிறீர்கள். இழவு வீட்டுக்கு வந்து யாராவது வாழ்த்துச் சொல்வார்களா? முன்பும் எழுதினேன். பதில் இல்லை.

படத்துக்கு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். வரும் முஹர்ரத்தில் வாழ்த்தைத் தவிருங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

பல்லாண்டு வாசகர்,
ராயப்பேட்டை, சென்னை