இந்த வருஷம் மனசு தயாராக இல்லை என்ற தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

"இந்தத் திருவருகைக்காலத்துக்கு நான் தயாராவே இல்லக்கா, ஜெபமும் வரல ஒண்ணும் வரல" என்று கிறிஸ்துமஸுக்கு முந்தின இந்த ஆயத்த வாரங்களைப் பற்றி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்றே இருக்கிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் வீட்டில் ஒருவரைப் படுத்த படுக்கையாக வைத்துக்கொண்டு, பூசை மணி காதில் விழுந்தும் கிளம்ப முடியாமல் இருப்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய பேர், அவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

தயாராவது என்றால் உன் மனதில் இருப்பது தியானம், குருவானவரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம், நாலு ஞாயிறும் தவறாத பூசை, கடைசியில் குடில். எல்லாம் நல்லதுதான், எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மாற்கு நற்செய்தியில் 13-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை இன்னொரு தடவை எடுத்துப் பார். நெடும்பயணம் போகிற வீட்டுக்காரர் பணியாளர்களுக்கு அவரவர் வேலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். வாசலைப் பார்த்துக்கொள்வது காவலாளுடைய வேலை. அடுப்படியில் இருப்பவருக்கும் தொழுவத்தில் இருப்பவருக்கும் வேறு வேலை இருந்திருக்கும். அப்புறம்தான் எல்லாருக்குமாகச் சேர்த்து விழித்திருங்கள் என்கிறார் ஆண்டவர். எப்போது வருவாரோ, மாலையிலா, நள்ளிரவிலா, சேவல் கூவும்போதா, விடியும்போதா. ரோமர் கணக்கில் இரவுக்கு இருந்த நாலு சாமமும் அதில் வந்துவிடுகிறது. அந்த நாலையும் உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து மாமியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகி, இடுப்பில் தோல் எங்காவது சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் படுக்கிறாய். உனக்குக் கொடுக்கப்பட்ட வேலை இது. நீ விழித்துத்தான் இருக்கிறாய்.

இதே வாசகம்தான் 2017-இல் திருவருகைக்கால முதல் ஞாயிறுக்கு வந்தது, டிசம்பர் 3. ஒக்கிப் புயல் அடித்து மூன்றே நாள். குமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கரையெல்லாம் பெண்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம். அன்றைக்கு முதல் வாசகம் ஏசாயா, வானத்தைப் பிளந்துகொண்டு நீர் இறங்கி வரக்கூடாதா என்று கேட்கிற இடம். யாரும் தேடிப்பிடித்து வைத்ததில்லை, உலகம் முழுக்கப் பெரும்பாலான கத்தோலிக்கக் கோவில்களில் அன்றைக்கு அதுதான் வாசகம். கடலுக்குப் போனவர்களில் லட்சத்தீவிலும் குஜராத்திலும் போய்க் கரையேறித் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். வராமலே போனவர்களும் இருக்கிறார்கள், அந்த வீடுகளிலும் மறுவருஷம் நட்சத்திரம் தொங்கியது. நம்பிக்கையைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த வீடுகள்தான் முதலில் ஞாபகம் வரும். இந்த 2025-ஆம் வருஷம் முதல் ஞாயிறே நவம்பர் 30-ஆக, ஒக்கி அடித்த அதே தேதியில் வந்தது.

சரி, ஜெபம் வரவில்லை என்கிறாயே, அதற்கு வருகிறேன். வரும் டிசம்பர் 14-ஆம் தேதி மூன்றாம் ஞாயிறு, மகிழ்ச்சியின் ஞாயிறு. குருவானவர் ஊதா உடுப்பை விட்டு இளஞ்சிவப்பு போடலாம், ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுகிற திருவருகை வளையத்திலும் இளஞ்சிவப்பு மெழுகுதிரி. அன்றைக்குப் போய்ச் சிறையில் கிடக்கிற திருமுழுக்கு யோவானைத்தான் வாசிக்கிறோம். யோர்தானில் நின்று இயேசுவுக்காக வழியை ஆயத்தம் செய்யச் சொன்ன அதே மனிதர், வரவேண்டியவர் நீர்தானா இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். தயாரிப்புக்கே பேர்போனவருக்கு வந்த சந்தேகம் இது. இயேசு கோபப்படவில்லை. பார்வையற்றவர் பார்க்கிறார், நடக்க முடியாதவர் நடக்கிறார், கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். சிறைப்பட்டோருக்கு விடுதலை என்று ஏசாயாவில் ஒரு வரி உண்டு, அதை மட்டும் அவர் சொல்லவில்லை. யோவான் வெளியே வரவும் இல்லை. ஆனாலும் அந்த ஆட்கள் திரும்பிப் போன கையோடு, பெண்களிடம் பிறந்தவர்களில் இவரைவிடப் பெரியவர் இல்லை என்று கூட்டத்திடம் சொல்கிறாரே, அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும். கேள்வி கேட்டவரைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார். மாமி எழுந்து நடப்பார்கள் என்று நான் உனக்குச் சத்தியம் செய்ய முடியாது. உன் கேள்வியை அவர் தட்டிவிட மாட்டார் என்பதை மட்டும் முழு மனதோடு நம்புகிறேன். "நீர் எங்கே இருக்கிறீர்" என்று ராத்திரி இரண்டு மணிக்கு நீ அழுததையும் ஜெபத்திலேயே சேர்த்துக்கொள்.

அதனால் 14-ஆம் தேதி காலைப் பூசைக்கு நீ போகிறாய். நான் முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுகிறேன், ராத்திரி முறையும் என்னுடையது, நீ தூங்கு. எந்த மாத்திரை எப்போது, கஞ்சி எவ்வளவு தண்ணியாக இருக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வை. பாவசங்கீர்த்தனம் செய்யணும்னா அரை மணி நேரம் முன்னாலேயே கிளம்பு. முடிந்ததும் அரக்கப்பரக்க ஓடி வராதே, மாதா கெபியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டே வா.

அன்புடன்,
அக்கா