கருங்கல்லும் தேக்கும் அலுமினியமும் சந்திக்கும் இடங்களில் விட்ட பிழைகளைத் திருத்தித் தருமாறு கோரும் புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,
உள்ளக, வெளிப்புற அலங்கார வேலைப் பிரிவு.

விடயம்: முல்லைத்தீவு வீட்டின் மண்டபம், விறாந்தை, முகப்பு வேலைகள்

ஐயா,

நீங்கள் வரைந்து தந்த திட்டம் நல்லது என்றே இன்றும் சொல்கிறோம். சொரசொரப்பான கருங்கல்லை ஒட்டி வெள்ளைச் சாந்துச் சுவர், பளபளப்பான ரைலை ஒட்டித் தேக்குப் பலகை, யன்னலுக்குக் கறுப்பு அலுமினியம். பொருட்களும் தரமானவைதான். ஒரு பொருள் முடிந்து மற்றது தொடங்குகிற ஒவ்வொரு கோட்டிலும்தான் வேலை பிழைத்திருக்கிறது. எனவே, "மரத்தின் இயல்பு, உத்தரவாதத்துக்குள் வராது" என்று நீங்கள் அனுப்பிய பதிலை ஏற்கமாட்டோம். மரத்தின் இயல்பைத் தெரிந்து இடைவெளி விடுவதற்கே உங்களுக்குக் கூலி தந்தோம்.

முதலில் ஆபத்தானதைச் சொல்கிறோம். வாசலுக்கு மேலே ஒட்டியிருக்கும் கருங்கல் 20 மில்லிமீற்றர் தடிப்பு. சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 54 கிலோ; 600க்கு 300 மில்லிமீற்றர் துண்டு ஒன்றே 10 கிலோவுக்குக் கிட்ட வரும். தட்டிப் பார்த்தால் பல துண்டுகள் உள்ளே வெறுமையாக ஒலிக்கின்றன. மூலைக்கு ஓர் உருண்டை, நடுவில் ஓர் உருண்டை என்று ஒட்டுக்கலவை வைத்து அழுத்தினால் இப்படித்தான் ஆகும். வெளிப்புறச் சுவரில் கல்லின் பின்பக்கம் குறைந்தது 95 சதவீதமாவது கலவையில் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாரி மழைத்தண்ணீர் அந்தப் பொந்துகளில் தங்கி, சாந்திலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு மூட்டு வழியே வெளியேறும். இப்போது கல்லில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். அமிலம் போட்டுக் கழுவித் தருவதாகச் சொன்னீர்கள். தண்ணீர் போகும் வழி அடைபடாதவரை அது திரும்பவும் பூக்கும். வாசலுக்கு மேலுள்ள கற்கள் முழுவதையும் கழற்றி, பல் வெட்டிய பூச்சுக் கரண்டியால் சுவரிலும் கல்லின் முதுகிலும் கலவை பூசி, ஒவ்வொன்றையும் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் கொளுக்கியாலும் பிணைக்க வேண்டும். தலைக்கு மேல் நிற்கும் கல்லைப் பசையை மட்டும் நம்பி விடக்கூடாது.

அடுத்தது மண்டபத் தரை. போர்சலின் ரைல் அரை சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது, அசையாது. தேக்கோ ஈரம் ஒரு சதவீதம் ஏறினாலே நாருக்குக் குறுக்கே 0.2 சதவீதத்துக்குக் கிட்ட விரியக்கூடியது. வன்னியில் கச்சான் காற்று அடிக்கும்போது பலகை நன்றாக வற்றிவிடும், மாரியில் ஊறும். இந்த இரண்டுக்கும் நடுவே 3 சதவீத வேறுபாடு என்று வைத்தாலும், 3 மீற்றர் அகலப் பலகைத் தரை 15 மில்லிமீற்றருக்கு மேல் விரியப் பார்க்கும். நீங்கள் அதை ரைலோடு முட்டவிட்டு நடுவே சீமெந்துக் கலவையை நிரப்பிவிட்டீர்கள். விரிவதற்கு இடமில்லாத பலகை விளிம்பு வளைந்து மேலெழும்பி, ரைலின் ஓரத்தையும் பெயர்த்துவிட்டது. இதற்கு ஈரமும் கீழிருந்து வந்திருக்கிறது. 50 மில்லிமீற்றர் தளச் சாந்து மில்லிமீற்றருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் காய வேண்டும். உங்கள் ஆட்கள் இரண்டு கிழமை முடியுமுன்னரே, ஈரத்தடுப்புக்கூடப் பூசாமல் பலகையை ஒட்டினார்கள். புட்டிப் பசை பூசி மறைப்பதால் இது சரிவராது. பலகைகளைக் கழற்றி, தளத்தின் ஈரத்தைக் கருவியால் அளந்து, ஈரத்தடுப்புப் பூசி, மரத்தைச் சில நாட்கள் அதே அறையில் வைத்துப் பழக்கியபின் பதிக்க வேண்டும். ரைல் பக்கமும் சுவர்ப் பக்கமும் 12 மில்லிமீற்றர் வெளி விட்டு, மேலே பித்தளைப் பட்டி போடுங்கள். பட்டியை ரைல் பக்கம் மட்டும் பொருத்துங்கள். இரண்டு பக்கமும் இறுக்கினால் பழைய கதைதான்.

முகப்பிலுள்ள தேக்குச் சட்டங்களில் கறுப்புக் கண்ணீர்போல வழிந்திருக்கும் கறை பூஞ்சணம் அல்ல. சாதாரண இரும்புத் திருகாணி நனைந்து மரத்திலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்தால் வரும் கறை. கடற்காற்றுப் படும் இந்த ஊருக்கு 316 தர ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் திருகாணிதான் பொருந்தும். ஆணிகளை மாற்றியபின் ஒக்சாலிக் அமிலக் கரைசலால் கறையை எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள்; ஆணி இருக்கக் கறையை எடுப்பது வீண். சட்டங்கள் சுவரோடு ஒட்டியும் நிலத்தைத் தொட்டும் நிற்கின்றன. பின்னால் 20 மில்லிமீற்றராவது காற்றோட்டமும், கீழே 150 மில்லிமீற்றர் உயரமும் வேண்டும். இல்லாவிட்டால் கறையானுக்கு நாங்களே ஏணி வைத்துக் கொடுத்ததாகிவிடும்.

யன்னல் ஓரத்தில் அலுமினியத்தின் மேல் ஈரச் சீமெந்தைப் பூசி, காயவிட்டுச் சுரண்டியிருக்கிறார்கள். ஈரச் சீமெந்தின் காரம் அலுமினியத்தை அரிக்கும். அந்த மங்கிய திட்டுகள் துடைத்துப் போகாது, சட்டத்தை மாற்ற வேண்டும். மூட்டுக்குப் போட்டதும் வினாகிரி மணக்கும் சிலிக்கன். அது கல்லோடும் சாந்தோடும் ஒத்துவராது. 3 மீற்றர் கறுப்புச் சட்டம் 40 பாகை சூடேறினால் ஏறக்குறைய 2.8 மில்லிமீற்றர் நீளும், சுவரோ அதில் பாதிகூட நீளாது. 10 மில்லிமீற்றர் மூட்டு விட்டு, உள்ளே நுரைக்கயிறு வைத்து, கல்லில் எண்ணெய்க் கறை ஏற்றாத நடுநிலைச் சிலிக்கனை 5 மில்லிமீற்றர் ஆழத்துக்குப் போட வேண்டும்.

விறாந்தைத் தூணில் கல்லை வெளிமூலையோடு நிறுத்தியதால் அதன் வெட்டு விளிம்பு தெரிந்து, ஒட்டுத்தாள் ஒட்டியதுபோல இருக்கிறது. பொருள் மாறுவது உள்மூலையில்தான் அழகு. அந்தத் தூணுக்கு நாலு பக்கமும் கல் சுற்றி வரட்டும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்பட வேண்டும். விற்பனைப் பிரிவினரை அனுப்பாமல், கல்வேலையும் தச்சுவேலையும் தெரிந்த பொறுப்பாளர் ஒருவரை ஈரமானியோடு 14 நாட்களுக்குள் அனுப்புங்கள். அவர் வரும்வரை வாசல் கற்களுக்குக் கீழே முட்டுக்கொடுத்துப் பலகை கட்டித் தருவது உங்கள் பொறுப்பு. பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தையும் படங்களையும் பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும் அதிகார சபையிடம் ஒப்படைப்போம். மீதிக் கொடுப்பனவு, கற்கள் பாதுகாப்பாகப் பிணைக்கப்பட்டு, தரை ஒரு மாரியைத் தாண்டியபின் தரப்படும்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்கள்,
முல்லைத்தீவு.