மாங்காய் மண்டிக்கு வந்தீர்கள், பேரவைக்கும் வாருங்கள்

ஆந்திராவின் முன்னாள் முதல்வர், ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் தலைவர் மதிப்பிற்குரிய ஒய்.எஸ்.ஜெகன்மோகன் ரெட்டி அவர்களுக்கு,

வணக்கம். சித்தூர் மாவட்டத்து மாந்தோப்புக்காரன் எழுதுகிறேன். வெளியே பேசுவது தெலுங்கு, எழுத வருவது வீட்டுத் தமிழ்தான்.

2025 ஜூலை 9 அன்று பங்காருபாளையம் மண்டிக்கு வந்தீர்கள். கேட்க ஒரு தலைவர் வந்தாரே என்று மனசு நிறைந்தது. அந்த சீசனில், கூழுக்குப் போகும் தோத்தாபுரி மாங்காயை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஒரு கூழ் பேக்டரி வாசலில் மூன்று ராத்திரி வரிசையில் கிடந்தேன். முதல் நாள் கல் மாதிரி இருந்த காய் மூன்றாம் நாள் அடியில் நசுங்கி, டிரெய்லர் இடுக்கு வழியாகச் சாறு சொட்டியது. கிலோவுக்குப் பேக்டரி 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்பது அறிவிப்பு. என் கைக்கு வந்த சீட்டில் இருந்தது வேறு கணக்கு. பறிப்புக் கூலி, வண்டி வாடகை போக ஒன்றும் மிஞ்சவில்லை.

இதைப் பேரவையில் எழுந்து கேட்க வேண்டிய உங்கள் கட்சி எம்.எல்.ஏ.க்கள் 11 பேரும் விவாதங்களுக்குப் போவதில்லை. அதனால்தான் கேட்கிறேன், பேரவைக்கு வாருங்கள்.

175 பேர் சபையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 18 பேர் இல்லை என்று உங்களுக்கு எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்தை மறுத்தார்கள். அதற்காகத்தான் சபைக்கு வராமல் இருக்கிறீர்கள். நீதிமன்றம் போனீர்கள், சரி. டெல்லியில் 2015இல் 70க்கு 3 இடம் வாங்கிய பாஜகவுக்கே கொடுத்தார்கள், உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் 2019இல் 151 பேரோடு உட்கார்ந்து, தெலுங்கு தேசத்தின் 23 பேரில் சிலரை இழுத்தாலே அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் சந்திரபாபுவின் அந்தஸ்து போய்விடும் என்று சபையில் சொன்னது நீங்கள்தானே?

2014இல் 67 பேரோடு அந்த அந்தஸ்து உங்களிடமே இருந்தது. அதில் 23 பேர் தெலுங்கு தேசத்துக்குத் தாவினார்கள், 2017இல் சபையைப் புறக்கணித்து 3,648 கிலோமீட்டர் நடந்தீர்கள். அந்த நடையைப் பார்த்துத்தான் நானும் ஓட்டுப் போட்டேன். 2021இல் சந்திரபாபு, முதல்வராகத்தான் திரும்பி வருவேன் என்று சபதம் போட்டு வெளியேறினார், அதுவும் தப்புதான். முதல்வர் நாற்காலி இருந்தால்தான் சபை என்று மாறி மாறி இரண்டு பேரும் கிளம்பினால், ஓட்டுப் போட்டவன் யாரிடம் போவான்? மேலவையில் உங்கள் கட்சியினர் உட்கார்ந்து பேசத்தானே செய்கிறார்கள்?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னியுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கு அவசியம் வாருங்கள். இரண்டே நிமிடம் மைக் கொடுத்தாலும் தோத்தாபுரி விலையைக் கேளுங்கள். அந்தச் சீட்டை வைத்திருக்கிறேன். வருவதாகச் சொன்னால் அனுப்பி வைக்கிறேன், அதைக் கையில் பிடித்துக்கொண்டே பேசுங்கள்.

இப்படிக்கு,
சித்தூர் மாவட்டத்து விவசாயி