ஆகஸ்ட் 14-இல் பதினெட்டுப் பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுதந்திர தினத்துக்கு முதல் நாள் உங்கள் நாளிதழில் கொடி விற்பனை, கோட்டை அலங்காரம் எல்லாம் வந்திருந்தது. 2013-இல் அதே ஆகஸ்ட் 14 அன்று, நள்ளிரவு கடந்த சற்று நேரத்தில், மும்பை கடற்படைக் கப்பல்துறையில் வெடித்து மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பல் ஐ.என்.எஸ். சிந்துரக்ஷக் பற்றி ஒரு வரிகூட இல்லை. உள்ளே இருந்த 3 அதிகாரிகளும் 15 மாலுமிகளும் இறந்துபோனார்கள்.

வேலூரில் பேட்டரி கடை வைத்திருக்கிறேன். "பேட்டரி வெடித்ததுதானே?" என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். இல்லை, பேட்டரியால் வந்தது இதே கப்பலின் முந்தைய விபத்து. அந்தக் கப்பல் டீசல் எஞ்சினால் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, நீருக்கடியில் பேட்டரியில் ஓடுவது. சார்ஜ் ஏறும்போது செல்லின் மூடியைத் திறந்து பாருங்கள், ஆசிடில் பொடிப்பொடியாகக் குமிழிகள் எழும். அதில் இருப்பது ஹைட்ரஜன். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். என் கடையில் ஒருமுறை மூடியின் துளை அடைத்துக்கொண்டு லாரி பேட்டரி ஒன்று வெடித்தது. ஆசிட் தின்ற சுவர் இன்றும் பூச்சு உதிர்ந்தே நிற்கிறது. எனக்காவது ஓடித் தப்பத் தெரு இருந்தது. 2010 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் இதே கப்பலின் பேட்டரி அறையில் ஹைட்ரஜன் தீப்பற்றி ஒரு மாலுமி பலியானார்.

பிறகு ரஷ்யாவில் செப்பனிடப்பட்டு, 2013-இல்தான் ஊர் திரும்பியது. சில மாதங்களில் மும்பையில் வெடித்தவை முன்பகுதியில் இருந்த ஆயுதங்கள். விடிவதற்குள் கடலுக்குப் புறப்பட வேண்டிய கப்பல் அது. மாலுமிகளின் களைப்பு சரியாகக் கணக்கிடப்படவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2017-இல் சொன்னார். அதைப் படித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. இரவெல்லாம் கண்விழித்த பையனை நான் ஆசிட் கேனைத் தொட விடுவதில்லை. ஆயுதம் ஏற்றிய கப்பலில் இருப்பவர்களுக்கு அந்த அக்கறை எத்தனை மடங்கு வேண்டும்!

2014-இல் தூக்கி எடுத்த கப்பலை 2017-இல் அரபிக்கடலின் ஆழத்தில் அமிழ்த்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வீடு படைவீரர் இருக்கும் கம்மவான்பேட்டை நம் மாவட்டத்து ஊர். போர்முனையில் இறந்தவரைத் தோளில் சுமக்கும் நாம், துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இறந்தவரை மறப்பது நியாயமா? அடுத்த ஆகஸ்ட் 14 இதழில் அந்தப் பதினெட்டுப் பேரின் பெயர்களையும் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி வெளியிடுங்கள். விசாகப்பட்டினத்தில் இறந்தவரின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பேட்டரி கடைக்காரர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.