படகில் போனது குற்றமில்லை என்று சட்டத்தில் எழுதுங்கள்: குடிவரவுக்குப் பொறுப்பான அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் அவர்களுக்கும், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கட்டுப்பாட்டாளர் நாயகம் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தவள். மன்னார் மாவட்டத்தில் இருக்கிறேன். 1990இல் பள்ளிக்கூடப் பிள்ளையாகப் போய், முகாமிலேயே வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, சண்டை ஓய்ந்து சில வருடம் கழித்துப் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தேன். எங்களுக்குப் பிறகு வந்தவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும், பிரதேச செயலகத்துக்குக் கூடப் போவதும் எனக்கு ஒரு பக்க வேலையாகவே ஆகிவிட்டது. அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். போர்க்காலத்தில் உயிர் தப்பக் கடல் வழியாக வெளியேறியது குற்றமில்லை என்று சட்டத்திலேயே எழுதுங்கள். பேச்சில் சொன்னால் போதாது, முகநூல் பதிவும் போதாது.

2025 மே மாதக் கடைசியில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், ஐ.நா.வின் அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். ஒழுங்கு செய்து கொடுத்த பயணத்தில், சொந்த நாட்டுக்கு வந்து இறங்கினார். இறங்கிய இடத்திலேயே கைது. பிறகு விளக்கமறியல். கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்பது குற்றச்சாட்டு. பெரிய சத்தம் எழுந்த பிறகு, இது இருக்கிற சட்டம் தானாக இயங்கியதன் விளைவே தவிர அரசின் கொள்கை இல்லை என்று அமைச்சர் ஒருவர் பதிவு போட்டு விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அதிலேயே பிரச்சினையும் இருக்கிறது. சட்டம் தானாக இயங்குகிறது என்றால் நாளைக்கும் அது தானாகத்தான் இயங்கும். கருமபீடத்தில் இருக்கிற அதிகாரிக்கு அமைச்சரின் பதிவு ஒரு உத்தரவாகாது. அவர் முன்னால் இருப்பது 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம். அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் அல்லது விமான நிலையம் வழியாக, செல்லுபடியாகும் கடவுச்சீட்டோடுதான் நாட்டை விட்டுப் போகலாம் என்று அது சொல்கிறது. வெளியேறிய பதிவு இல்லாத ஒருவர் வந்து நின்றால், அந்த அதிகாரி மேலே கேட்பார், மேலே இருப்பவர் சட்டத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

சரி, அந்தச் சட்டப்படியே நாங்கள் போயிருக்கலாமா என்று பார்ப்போம். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் போன கப்பல் எண்பதுகளிலேயே நின்றுபோயிருந்தது. கடவுச்சீட்டு எடுக்கக் கொழும்புக்குப் போக வேண்டும். மன்னாரிலிருந்து மடுவுக்குப் போவதற்கே உயிரைக் கையில் பிடிக்க வேண்டியிருந்த நாட்களில், படம் பிடித்து, படிவம் நிரப்பி, கொழும்பில் வரிசையில் நின்று கடவுச்சீட்டு எடுத்து, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டு ஓடியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு ஒரு வழக்கு எதிர்பார்க்கிறது. அன்றைக்கு மடுக்கோயில் வளவிலும் பேசாலையிலும் ஆயிரக்கணக்கில் சனம் மரத்தடியில் கிடந்தது. கையில் கொஞ்சம் காசோ நகையோ இருந்தவர்கள் வள்ளக்காரரைப் பிடித்தார்கள். எங்களைப் போல எத்தனையோ குடும்பங்களை இருட்டில் நடுக்கடல் மணல் திட்டில் இறக்கிவிட்டு வள்ளம் திரும்பிவிடும். வெயில் ஏறினால் நிழலும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. யாராவது வந்து ஏற்றிப் போகும்வரை பிள்ளைகளைச் சேலையால் மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இதைத்தான் சட்டம் அனுமதியில்லாத குடியகல்வு என்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. முகாமில் இருக்கிற ஒருவர் திரும்பி வர முடிவெடுத்தால் அது ஒளித்துச் செய்யும் வேலை இல்லை. யு.என்.எச்.சி.ஆர். அவரை இருத்தி, சொந்த விருப்பத்தில்தான் போகிறீர்களா என்று கேட்டு எழுதி வாங்குகிறது. தமிழ்நாட்டுப் பொலிஸின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் சரிபார்க்கிறது. இந்தியா வெளியேறும் அனுமதி கொடுக்கிறது. சென்னையில் இருக்கிற எங்கள் துணைத் தூதரகம், அதாவது உங்கள் அரசு, ஆளை விசாரித்து, இவர் இலங்கையர் என்று உறுதிப்படுத்தி, பயணப் பத்திரம் கொடுக்கிறது. அந்தப் பத்திரத்தைக் கொடுக்கும்போதே இவரிடம் கடவுச்சீட்டு இல்லை, படகில் போனவர் என்பது அரசுக்குத் தெரியும். சென்னையில் ஒரு மேசையில் வா என்று கடதாசி கொடுத்துவிட்டு, பலாலியில் இன்னொரு மேசையில் அதே கடதாசியைக் காட்டி ஏன் போனாய் என்று கேட்பது எந்த நிர்வாகத்துக்கும் அழகில்லை.

இந்தியா இதில் ஒரு படி முன்னால் போய்விட்டது. புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் அங்கே 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனைகளிலிருந்து விலக்கி உத்தரவு போட்டார்கள். குடியுரிமை தரவில்லை, 2019இல் திருத்திய குடியுரிமைச் சட்டத்திலும் எங்களைச் சேர்க்கவில்லை, அது வேறு கதை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் கடதாசி இல்லாமல் உள்ளே வந்ததை மன்னித்தது அடுத்த நாடு. வெளியே போனதை மன்னிக்க வேண்டியது சொந்த நாடு.

எப்படி எழுதுவது, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று யோசிக்கக் குழு அமைக்க வேண்டியதில்லை. அந்த வேலையைப் பாராளுமன்றம் முன்பே செய்து வைத்திருக்கிறது. பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் ஆண்டால் காணி ஆண்டவருக்கே சேரும் என்ற ஆட்சியுரிமைச் சட்டத்தால் இடம்பெயர்ந்தவர்கள் காணியை இழந்துவிடக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் காலம் தெளிவாக இருக்கிறது: 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை. அந்தக் காலத்தில் ஒரு மனிதன் தன் காணியைப் போய்ப் பார்க்க முடியாத நிலை இருந்தது என்று இந்த அரசே சட்டத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. காணிக்குப் போக முடியாதவன் கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு மட்டும் போயிருக்க முடியுமா? அதே இரண்டு திகதிகளை எடுத்துக் குடிவரவுச் சட்டத்தில் ஒரு பிரிவாகச் சேருங்கள். இந்தக் காலத்துக்குள் வெளியேறியவர் மீதும், அவரோடு போன பிள்ளைகள் மீதும் வழக்கு இல்லை, வாக்குமூலம் வாங்க மணிக்கணக்கில் இருத்தி வைப்பதும் இல்லை என்று இருக்கட்டும். 2022 நெருக்கடியில் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வழியில்லாமல் படகு ஏறிய குடும்பங்களின் கதை தனி. அவர்களையும் நீதிமன்றத்துக்கு இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் அதைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பலாலிச் செய்தி வந்த வாரம் முகாமிலிருந்து எனக்கு வந்த அழைப்புகளை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "அக்கா, எங்களையும் பிடிப்பாங்களா?" இதுதான் எல்லாரும் கேட்டது. பெயின்டிங் வேலைக்குப் போகிற ஒரு தம்பி, தாயையும் தகப்பனையும் அனுப்பப் பதிவு செய்து வைத்திருந்தவர், பெயரை எடுத்துவிட்டார். நான் என்ன பதில் சொல்ல? பயப்படாதீர்கள் என்று சொல்ல என்னிடம் ஒரு சுற்றறிக்கை கூட இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேல் சனம் இன்னும் இருக்கிறது. அதில் எல்லாரும் வரப் போவதில்லை, அங்கேயே பிறந்து படித்த பிள்ளைகளுக்கு அதுதான் ஊர். வர விரும்புகிறவர்களில் நிறையப் பேர் வயசாளிகள். சொந்த மண்ணில் கண்ணை மூட வேண்டும் என்று வருகிறவரைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றினால், மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

அடுத்தது பிள்ளைகளின் கடதாசி. இது சத்தமில்லாமல் ஆளைக் கொல்லும் அலுவல்.

தமிழ்நாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. அது அவர்களை இந்தியர் ஆக்காது. தாய் தகப்பன் இலங்கையர் என்று காட்டி, துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, குடியுரிமையையும் பதிந்தால்தான் இலங்கையர் ஆகலாம். அதற்குத் தாய் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், கலியாணப் பதிவு வேண்டும், பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நான் நிரப்பிக் கொடுத்த ஒரு விண்ணப்பத்தில் தகப்பனின் பெயர் இப்படி இருந்தது: மன்னாரில் பதிந்த பிறப்பில் ‘அருளப்பு’, முகாம் அட்டையில் ‘அருளப்பன்’, பிள்ளையின் இந்தியச் சான்றிதழில் ‘எஸ். அருள்’. தமிழ்நாட்டில் தகப்பன் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கித்தான் எழுதுவார்கள், இங்கே முழுப் பெயரும் வேண்டும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சத்தியக் கடதாசி, கிராம சேவகரின் கடிதம், பங்குத் தந்தையின் கடிதம் என்று ஒரு கோப்பு சேர்ந்தது. கலியாணம் முகாமில் கோயிலில் நடந்தது, பதிவு இல்லை. கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டே இருந்தது. பிள்ளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள், ஆனால் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க அடையாள அட்டை கேட்டபோது வீடே கலங்கிப்போனது.

இதையெல்லாம் அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே முடிக்கலாம். பதிவாளர் நாயகம் திணைக்களமும் குடியுரிமைப் பிரிவும் சேர்ந்து முகாம்களுக்கே ஒரு நடமாடும் சேவையைக் கொண்டுபோகட்டும். ஊரில் எங்களுக்கு நடமாடும் சேவை நடத்தத் தெரிந்த அரசுக்கு மண்டபம் முகாமிலோ திருச்சி முகாமிலோ நடத்துவது பெரிய காரியமில்லை. பிந்திய பதிவுக்கான தண்டப்பணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள். பெயர் வித்தியாசத்துக்கு முகாம் பதிவேட்டையே சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கைரேகை, படம், குடும்ப விபரம் எல்லாம் இருக்கிறது, மாதம் தவறாமல் ஆள் எண்ணிக் கையெழுத்து வாங்கிய பதிவேடு அது. எங்களை அவ்வளவு கண்காணித்ததற்கு இப்படியாவது ஒரு பயன் இருக்கட்டும்.

காணி விடயம் உங்கள் அமைச்சுக்குள் வராது என்று தெரியும். ஆனாலும் அமைச்சரவையில் பக்கத்துக் கதிரைக்காரரிடம் சொல்லுங்கள். மேலே சொன்ன 2016 சட்டத்தின் கீழ் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம்தான் கொடுத்தார்கள். இந்தியாவில் முகாமில் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் வந்ததே தெரியாது. தெரிந்து, காணி உறுதிப் பத்திரத்தைத் தேடி எடுத்து, வந்து பார்க்கும்போது கதவு சாத்தியாகிவிட்டது. எங்களுக்கு மட்டுமில்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் வெளியேற்றிய வடக்கு முஸ்லிம் சனமும் புத்தளத்திலிருந்து திரும்பி வந்து இதே காணிச் சிக்கலில்தான் நிற்கிறது. அவர்கள் கடல் தாண்டவில்லை, அதனால் அகதி என்ற பெயர்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கதவைத் திரும்பத் திறந்தால் இரண்டு பகுதியும் பயன்பெறும்.

சாமான்கள் பற்றியும் ஒரு வார்த்தை. விமானத்தில் தரும் எடைக்குள் ஒரு குடும்பத்தின் முப்பது வருடச் சீவியம் அடங்காது. தையல் மெஷின், பெயின்டிங் ஏணி, கிரைண்டர், இதையெல்லாம் அரை விலைக்கு விற்றுவிட்டு வந்து இங்கே இரட்டை விலைக்கு வாங்குகிறார்கள். 2023இல் நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியபோது எங்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. திரும்பி வரும் குடும்பங்களுக்கு அந்தக் கப்பலில் சாமானோடு வர ஒழுங்கு செய்து, காங்கேசன்துறையில் சுங்கத் தீர்வை இல்லாமல் இறக்க விடுங்கள். தொழில் சாமான் கையில் இருந்தால் வந்த மறு வாரமே உழைக்கத் தொடங்குவார்கள், நிவாரணம் கேட்டு உங்களிடம் நிற்க மாட்டார்கள்.

சட்டத் திருத்தம் பாராளுமன்றத்துக்குப் போய் நிறைவேற நாள் எடுக்கும் என்று தெரியும். அதுவரைக்கும் ஒரு சுற்றறிக்கையாவது வெளியிடுங்கள்: யு.என்.எச்.சி.ஆர். மூலமாகவோ துணைத் தூதரகத்தின் பயணப் பத்திரத்தோடோ வருபவரைக் குடியகல்வுக் குற்றத்துக்காகக் கைது செய்யக் கூடாது என்று, இலக்கமும் திகதியும் போட்டு. அதைத் தமிழிலும் வெளியிடுங்கள். அதன் ஒரு பிரதி பலாலியிலும் கட்டுநாயக்காவிலும் காங்கேசன்துறையிலும் இருக்கட்டும், இன்னொன்று சென்னைத் துணைத் தூதரகத்தின் அறிவித்தல் பலகையில் தொங்கட்டும். அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மன்னாருக்குத் திரும்பி வந்த ஒருத்தி