சர்க்கரை குறைந்தால் சர்க்கரை வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

புது அறைத்தோழி வந்திருக்கிறாள் என்றாய். அவளிடம் பேசும்போது ஒரு சொல்லில் கவனமாக இரு. "எனக்குச் சர்க்கரை குறைந்துவிடும்" என்று சொல்லாதே, "குளுக்கோஸ் குறைந்துவிடும்" என்று சொல். நம் ஊரில் ரத்தத்தில் ஓடுவதற்கும் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் இருப்பதற்கும் ஒரே பெயர். வியர்த்து நடுங்குகிறவளைப் பார்த்தால் யாரானாலும் ஒரு கை சீனியை வாயில் போடத்தான் பார்ப்பார்கள். டைப் 1 நீரிழிவு மட்டும் இருப்பவருக்கு அது சரியான முதலுதவி. அதோடு பிறவியிலேயே ஃபிரக்டோஸும், அதாவது பழத்திலும் தேனிலும் உள்ள இனிப்பும், ஒவ்வாத உனக்கு அதுவே ஆபத்து.

ஏன் என்று கேட்பவர்களுக்கு இப்படிச் சொல். சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸைக் கல்லீரலில் உடைக்கும் ஆல்டோலேஸ் பி என்ற நொதி உனக்கு வேலை செய்யாது. உடைபடாத ஃபிரக்டோஸ் அங்கே பாஸ்பேட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு தேங்கும். அது தேங்கும்போது, சேமித்த குளுக்கோஸைக் கல்லீரல் வெளியே விடாது, புதிதாகச் செய்யவும் செய்யாது. உடம்பில் ஏற்கெனவே இன்சுலின் ஓடிக்கொண்டிருக்கும்போது கல்லீரலும் கை விரித்தால் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போடு. 15 கிராம் சீனி கொடுத்தால் 7.5 கிராம் ஃபிரக்டோஸும் சேர்ந்து உள்ளே போகும். மற்றப் பாதி குளுக்கோஸால் மீட்டரில் எண் சற்று ஏறலாம். அதைப் பார்த்து ஏமாறாதே. மீட்டர் குளுக்கோஸை மட்டும்தான் அளக்கும், ஃபிரக்டோஸ் அதன் கண்ணில் படாது.

70க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடரை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடி. 15 நிமிடம் கழித்து மீண்டும் பார். ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். சரியான பிறகு ஒரு டம்ளர் பால் (லாக்டோஸ் உனக்குப் பிரச்சினையில்லை) அல்லது இரண்டு இட்லி. பவுடர் வாங்கும்போது எந்தச் சுவையும் சேர்க்காததை எடு. ஆரஞ்சு, எலுமிச்சை வாசனை போட்டதில் சீனி கலந்திருக்கலாம். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதாம்மா" என்பார். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் பணம் கொடுக்காதே. குளுக்கோஸ் மாத்திரை என்று விற்பதற்கும் இதே விதி.

நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்று தோழியிடம் அழுத்திச் சொல். கல்லீரலில் சேமித்த குளுக்கோஸை வெளியே விடவைக்கும் குளுக்ககான் ஊசி 1 மி.கி. போடவேண்டும். பொடியையும் நீரையும் கலந்துதான் போட முடியும் என்பதால், காலாவதியான ஒன்றை வைத்து அவளை ஒருமுறை பழக்கிவை. இதிலும் ஒன்று உண்டு. இன்சுலின் கூடியதால் வந்த தாழ்வுக்குத்தான் குளுக்ககான் நன்றாகக் கைகொடுக்கும். ஃபிரக்டோஸ் உள்ளே போனதால் வந்தது என்றால் கல்லீரலின் கதவு அடைத்திருக்கும், ஊசி போட்டும் பெரிதாக ஏறாது. அதனால் ஊசி போட்ட கையோடு ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவார்கள். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. என்றால் 25 கிராம் குளுக்கோஸ். டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோஸின் இன்னொரு பெயர்தான், அதில் பயமில்லை.

சீனிக்குப் பதிலாக இனிப்புக்குச் சேர்க்கும் சார்பிட்டால்தான் பெரிய பயம். உடம்புக்குள் போனதும் அது ஃபிரக்டோஸாக மாறிவிடும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஃபிரக்டோஸும் சார்பிட்டாலும் சேர்ந்த திரவங்களை நரம்பில் ஏற்றியதில் உன் குறைபாடு உள்ளவர்கள் இறந்துபோயிருக்கிறார்கள். தன்னுடல் தாக்கு நோய்களுக்குக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் மருந்து சிலவற்றில் சார்பிட்டால் சேர்க்கிறார்கள். டைப் 1 இருப்பவருக்கு இப்படிப்பட்ட இன்னொரு நோய் பின்னாளில் சேர்வதும் உண்டு. அப்படி ஒரு மருந்து எழுதிக்கொடுத்தால் "இதில் சார்பிட்டால் உண்டா?" என்பதுதான் உன் முதல் கேள்வி. இருமல் சிரப், சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரை, சூயிங் கம் எல்லாவற்றிலும் பார். பழம் சாப்பிடாத உனக்கு வைட்டமின் சி மாத்திரை அவசியம். விழுங்கும் வகையாக, இனிப்புச் சேர்க்காததாக வாங்கு.

'டயபடிக் ஸ்வீட்' என்று எழுதிய பெட்டியை யாராவது அன்பாக நீட்டுவார்கள். நீரிழிவுக்காரர்களுக்கு நல்லது என்று ஃபிரக்டோஸையே விற்ற காலம் உண்டு. இன்றைக்கும் அந்தப் பெட்டிகளில் சார்பிட்டால், மால்டிட்டால் போடுகிறார்கள். வெல்லம், தேன், பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை எல்லாம் 'இயற்கை' என்பார்கள். உன் கல்லீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பெங்களூருச் சாம்பாரில் வெல்லம் போடுவது வழக்கம். புளியோகரையிலும் கொஜ்ஜுவிலும் அப்படித்தான். சில ஓட்டல்களில் தோசை சிவக்கட்டும் என்று மாவிலேயே கொஞ்சம் சீனி போடுவார்கள். விடுதிச் சமையல்காரரிடம் "இனிப்பு போடுவீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பார், ஒரு துண்டு வெல்லத்தை அவர் இனிப்பாகவே நினைப்பதில்லை. "வெல்லம் போடுவீர்களா?" என்றே கேள். காரட், பீட்ரூட், வெங்காயம், தக்காளி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு வேண்டாம். சோறு, கீரை, உருளைக்கிழங்கு, காளான், முட்டை, மீன், இனிப்பில்லாத தயிர் எல்லாம் தாராளமாக. தயிர்சாதத்தில் மாதுளை தூவியிருந்தால் தட்டையே மாற்று, பொறுக்கி எறிந்துவிட்டுச் சாப்பிடாதே. இன்சுலினைச் சோற்றின் மாவுச்சத்துக்கு வழக்கம்போல் கணக்கிடு.

இரு நோய்க்கும் பொதுவான தொல்லை வாந்தி. வாந்தி வந்தால் உடனே குளுக்கோஸும் ரத்தக் கீட்டோனும் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு உடைந்து சேரும் அமிலம்) பார். குளுக்கோஸ் ஏறி, கீட்டோன் 1.5க்கு மேல் இருந்தால் இன்சுலின் போதவில்லை என்று அர்த்தம். 3ஐத் தொட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றுவலியும் வியர்வையும் வந்து, குளுக்கோஸ் இறங்கியிருந்தால் தட்டில் ஏதோ தவறு. அப்போது பாஸ்பேட், லாக்டேட், யூரிக் அமிலம், கல்லீரல் நொதிகள் பார்க்கச் சொல். ஃபிரக்டோஸாலும் ரத்தம் அமிலமாகும் என்பதால், அமிலம் என்ற ஒன்றை மட்டும் பார்த்து இது நீரிழிவுதான் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. எதுவானாலும் நீண்ட நேர இன்சுலினை மட்டும் நிறுத்தாதே.

வயிற்றுப்போக்குக்கு உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் உனக்கு ஆகாது. உலகச் சுகாதார நிறுவன முறைப்படியான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், சீனி கிடையாது. அதை வாங்கு. டப்பாவில் அடைத்த சுவையூட்டிய பானம் அதற்குப் பதிலாகாது. இளநீரும் வேண்டாம்.

யாராவது ஃபிரக்டோஸ் மூச்சுப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தால் மறுத்துவிடு. அது குடலில் ஃபிரக்டோஸ் உறிஞ்சாத வேறொரு கோளாறுக்கானது, அதற்காக உன்னை ஃபிரக்டோஸ் குடிக்கவைப்பார்கள். உன் குறைபாட்டைக் காட்ட மரபணு அறிக்கையே போதும்.

கைப்பையில் வைக்கும் அட்டையில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் இது போதும்: "டைப் 1 நீரிழிவு. பிறவியிலேயே ஃபிரக்டோஸ் ஒவ்வாத குறைபாடு. சீனி, பழச்சாறு, தேன், சார்பிட்டால் கூடாது. குளுக்கோஸ் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் மட்டும்." நோயின் வரலாற்றையெல்லாம் அதில் எழுதாதே, அவசரத்தில் யாரும் படிக்கமாட்டார்கள்.

தராசில் நிறுத்து, 15 கிராம் வீதம் கட்டிய 20 பொட்டலம் கூரியரில் வருகிறது. கைப்பையில் நான்கு, வகுப்பறைப் பையில் நான்கு, கட்டில் பக்கத்தில் நான்கு, தோழியிடம் நான்கு, மீதி டப்பாவில். குளுக்கோஸ் ஈரத்தை இழுக்கும். மாதம் ஒருமுறை ஒன்றைப் பிரித்துப் பார். கட்டியாகியிருந்தால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது, மொத்தத்தையும் மாற்று.

அம்மா